கோழிக்கும் ஆட்டுக்கும் காவல் நாய்: வெருலத்தில் பல ஆண்டுகள் வைத்துப் பார்த்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே, வெருலத்தின் ஓரத்தில், மூன்று பக்கமும் கரும்புத் தோட்டம் சூழ்ந்த இரண்டு ஏக்கர் நிலத்தில், நாட்டுக் கோழிகளையும் முட்டைக் கோழிகளையும் ஒரு சிறு வெள்ளாட்டு மந்தையையும் வளர்க்கிறோம். 2016ஆம் ஆண்டு முதல் இவற்றின் காவல் ஓர் அனடோலியப் பெண் நாயிடம் இருக்கிறது. 2018இல் ஆஃப்ரிகானிஸ் எனப்படும் உள்நாட்டு ஆண் நாய் ஒன்றும் அதனுடன் சேர்ந்தது. இவை இரண்டையும் இத்தனை காலம் வைத்துப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இது: சிறு தோட்டத்துக் காவலுக்கு நாயின் உடல் பலமும் மூர்க்கமும் இரண்டாம் பட்சமே, இடத்தை விட்டு அலையாமையும், கோழி படபடத்து ஓடினாலும் பின்தொடராமையும்தான் முதல் தகுதிகள்.

நாயைத் தேடுவதற்கு முன் என்னென்ன வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கே கரும்பு வெட்டு ஏப்ரல் வாக்கில் தொடங்கி ஆண்டு இறுதி வரை நீள்கிறது. வெட்டுக்கு முன் வயலுக்குத் தீ வைக்கும்போது அதனுள் குடியிருந்த கீரியும் பாம்பும் ஜெனெட்டும் மனிதர் வாழும் பக்கம் நகர்கின்றன. புள்ளி உடம்பும் வளையமிட்ட வாலும் கொண்ட ஜெனெட், நம் ஊர் மரநாயைப் போலவே இரவில் கூரை வழியாக இறங்கக்கூடியது. கூட்டுக்குள் புகுந்துவிட்டால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளாது. பகலில் கீரி, முட்டைக்கு உடும்பு, குஞ்சுக்குப் பருந்து. ஆகஸ்ட் வாக்கில் வலசை வரும் மஞ்சள் மூக்குப் பருந்து கோடை முடியும் வரை இங்கேயே வட்டமிடும். உள்நாட்டு மலைப்பகுதிகளில் ஆடு வைத்திருப்போருக்குக் கருமுதுகுக் குள்ளநரியும், ரோய்காட் என்று இங்கே அழைக்கப்படும் கேரகல் பூனையும் பெருந்தொல்லை. எங்கள் பக்கம் ஆட்டுக்கு அவற்றைவிடக் கொடிய எதிரி, கூட்டமாகத் திரியும் தெருநாய்கள்தான். ஆட்டுத் திருடரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த நாட்டில் காவல் நாய் என்றதும் பெரும்பாலோர் பூர்பூலையோ ஜெர்மன் ஷெப்பர்டையோ சொல்வார்கள். கோழி வாங்க வருபவர்கள்கூட, "அண்ணே, ஒரு பூர்பூல் வாங்கிக் கட்டிப்போட்டா போதாதா?" என்று கேட்பதுண்டு. பூர்பூல் வீட்டையும் வீட்டாரையும் காக்கும் நாய்; அதன் கவனமெல்லாம் மனிதர் மேல் இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்ட் மந்தையை ஓட்டிச் செல்லப் பிறந்தது. ஓடுவதைக் கண்டால் அதற்கும் ஓடத் தோன்றும். மந்தைக் காவல் நாயின் குணமே வேறு. அது ஆட்டை ஓட்டாது, துரத்தாது. ஆட்டோடு ஆடாகப் படுத்துக்கிடந்து, அன்னியமானது நெருங்கினால் மட்டும் எழுந்து நிற்கும். கட்டிப்போட்ட நாய் இதில் எதையும் செய்ய இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அனடோலிய நாய் துருக்கியின் மேட்டுநிலத்து இடையர்களுடையது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இது பரவலாக அறியப்பட்டது சிவிங்கிப்புலிகளால்தான்: நமீபியாவில் லாரி மார்க்கர் நிறுவிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம், பண்ணையாளர்கள் சிவிங்கிப்புலிகளைச் சுடுவதைக் குறைப்பதற்காக 1994 முதல் இந்த நாய்களை அவர்களுக்கு வழங்கி வருகிறது. தென்னாப்பிரிக்காவிலும் பின்னர் இதே போன்ற திட்டம் தொடங்கியது. கொல்வதற்காக அல்லாமல், வருவதைத் தயங்க வைப்பதற்காக வளர்க்கப்படும் நாய் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

குட்டியை நான் தேர்ந்தெடுத்தது தாயைப் பார்த்துத்தான். அந்தப் பண்ணையில் தாய் நாய் ஆட்டுப் பட்டிக்குள்ளேயே ஈன்றிருந்தது. குட்டிகள் கண் திறந்ததிலிருந்து ஆட்டின் வாடையிலும் காலடியிலும் வளர்ந்திருந்தன. வீட்டு முற்றத்தில் பிறந்த குட்டியானால், எவ்வளவு உயர்ந்த வம்சச் சான்றிதழ் இருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். நாய்க்குட்டி யாரைத் தன் இனமென்று கொள்ளும் என்பது மூன்றாவது வாரத்துக்கும் பதினாறாவது வாரத்துக்கும் இடையே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்காவில் இந்த வகை நாய்களை நீண்ட காலம் ஆராய்ந்த ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் இணையரும் இதையே வலியுறுத்தினார்கள். குட்டிகளுள்ளும் எல்லாவற்றுக்கும் முந்தி வந்து விரலைக் கடித்ததை விட்டுவிட்டு, ஆடு முட்டியபோது தலையைத் தாழ்த்தி ஒதுங்கிய ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

ஆடு வேறு, கோழி வேறு என்பதை இந்த வகை நாயை வாங்க நினைப்போர் மனத்தில் கொள்ள வேண்டும். ஆட்டோடு ஒட்டுவது இந்த நாய்க்கு இயல்பாக வரும். கோழியை விட்டுவைப்பதைக் கற்பித்தே ஆக வேண்டும். முதலில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாய், அந்தப் பக்கம் கோழி என்று வைத்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சலிக்க விட்டோம். பிறகு தினமும் தீனி போடும் நேரத்தில் கயிற்றோடு உள்ளே அழைத்துச் சென்றோம். நாய் படுத்தால் பாராட்டு, வெறித்துப் பார்த்தால் ஓர் அதட்டல். ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரையுள்ள பருவம்தான் கடினமானது. அப்போது நாய்க்கு உடம்பு பெரியதாகவும் புத்தி குட்டியாகவும் இருக்கும். கோழியைக் கொல்வது பசியால் அன்று, விளையாட்டால். எங்களிடமும் அந்தப் பருவத்தில் சில கோழிகள் போயின. அது எதிர்பார்த்த செலவே. ஆட்டைத் துரத்தத் தொடங்கியபோது, மேய்ச்சல் மாட்டுக்குக் கட்டும் தொண்டுக்கட்டையைப் போல ஒரு கட்டையைக் கழுத்துப்பட்டையில் தொங்கவிட்டோம். ஓடினால் அது முன்காலில் இடிக்கும், நடந்தால் இடைஞ்சல் இல்லை. இரண்டு வயது நிறையும் வரை ஆளில்லாத நேரத்தில் கோழிகளுடன் தனியே விடவில்லை. இந்தப் பொறுமை இல்லாதவர்கள், வளர்ந்து பழகிய நாயைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே மேல்.

ஆஃப்ரிகானிஸ் எங்களிடம் வந்தது அனடோலியத்தின் ஒரு குறையை நிரப்புவதற்காக. அனடோலிய நாய் ஆட்டுப் பட்டியை விட்டு நகர விரும்பாது; கோழிகளோ நிலமெங்கும் மேயும். ஜுலு மக்களின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கோழியும் ஆடும் குழந்தைகளும் நடமாடும் முற்றத்திலேயே வளர்ந்து வரும் இந்த ஒல்லியான, நடுத்தர உயர நாயைப் பலர் வெறும் தெருநாய் என்று ஒதுக்குகிறார்கள். யோகான் காலன்ட் முதலியோர் இதை இந்த மண்ணுக்கேற்ப இயற்கையாக அமைந்த ஓர் இனமாக எடுத்துக்காட்டி, 1998இல் இதற்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார்கள். எங்கள் நாயைப் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு ஜுலு முதியவரிடம் வாங்கினோம்; அவர் முற்றத்தில் அதன் தாய் படுத்திருக்க, அதன் முதுகில் ஏறிக் குஞ்சுகள் கொத்திக்கொண்டிருந்தன. அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை. இது காது கூர்மையானது, ஓட்டம் விரைவு, தீனி குறைவு. கீரியை வேலி வரை விரட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடும். தாய்க்கோழி அபாயக் குரல் எழுப்பினால் வானத்தைப் பார்த்துக் குரைக்கவும் தானே கற்றுக்கொண்டது. முட்டை தின்னும் பழக்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை. விடியலிலேயே முட்டை பொறுக்குவது எங்கள் வேலையாகிவிட்டது.

இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பது 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு தெரிந்தது. ஓடைப் பக்கத்து வேலி அடித்துச் செல்லப்பட்டு, அதை மீண்டும் போடுவதற்குள் தெருநாய்க் கூட்டம் இரவுகளில் வரத் தொடங்கியது. ஆஃப்ரிகானிஸ் முதலில் குரல் கொடுக்கும். அனடோலிய நாய் துரத்திச் செல்லாமல், ஆடுகளுக்கும் ஓடைக்கும் நடுவே வாலை உயர்த்தி நிற்கும். சண்டை மிக அரிதாகவே நடந்தது. வேலியில்லாத அந்த வாரங்களில் ஓர் ஆடும் போகவில்லை.

நாயால் ஆகாதவையும் உண்டு. கூரை இடுக்கு வழியாக நுழையும் ஜெனெட்டை நாய் தடுக்காது. அதற்கு நெருக்கமான கம்பிவலையும், கோழி அடைந்ததும் தாழிடும் கதவும்தான் வழி. மலைப்பாம்பையும் அப்படியே. விஷம் உமிழும் நாகத்தை எதிர்த்து நின்று ஒருமுறை ஆஃப்ரிகானிஸின் கண்ணில் விஷம் பட்டது. உடனே நிறையத் தூய நீரால் கழுவிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனதால் பார்வை தப்பியது. வேர்வெட் குரங்குகள் நாய்களைக் கேலி செய்வதற்கென்றே மரத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

செலவில் விலையைவிடப் பராமரிப்பே கனமானது. நாற்பது கிலோவுக்கு மேற்பட்ட அனடோலிய நாயின் தீனிச் செலவை முதலிலேயே கணக்கிட வேண்டும்; ஆடுகள் நாய்த்தீனியைத் திருடும் என்பதால், அவை புக முடியாத ஒரு தடுப்புக்குள் வைத்து ஊட்ட வேண்டியிருக்கிறது. உண்ணியால் வரும் பிலியரி காய்ச்சல் இந்த நாட்டில் நாயைச் சில நாட்களில் கொன்றுவிடும். ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்து, நாய் தீனியை மறுத்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம்: மூன்று மாத வயதில் முதல் ஊசி, அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் இரண்டாவது, பின்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறை. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் நாய்களிடையே இந்த நோய் நிலைத்திருப்பதால், ஒரு தவணையையும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டுக்கும் கருத்தடை செய்துவிட்டோம். அலைச்சல் குறைந்ததற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இரவுக் குரைப்பைத் தாங்க முடியாத அயலார் இருக்கும் இடத்துக்கு அனடோலிய நாய் பொருந்தாது. குரைப்பதே அதன் வேலையில் பாதி. அதை அடக்கினால் காவலும் அடங்கிவிடும். எங்களுக்கு மற்றொரு நெருக்கடி, ஆடி மாதம். மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வீடுகளிலிருந்து கோழிக்கும் கிடாய்க்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முன்பின் தெரியாதவர் ஆட்டின் காதைப் பிடித்து இழுப்பதை அனடோலிய நாய் பொறுத்துக்கொள்ளாது. எனவே விற்பனை நேரத்தில் அதைத் தனி அடைப்பில் விட்டு, விற்கும் ஆட்டை நாங்களே வாசலுக்குக் கொண்டு வருகிறோம்.

கோழி மட்டுமே வைத்திருப்பவர், அரை ஏக்கரோ அதற்கும் குறைவோ நிலமுள்ளவர், கோழியிடையே வளர்ந்த தாயின் ஆஃப்ரிகானிஸ் குட்டியைத் தேடிப் பிடிக்கட்டும். ஆடும் திறந்த நிலமும் உள்ளவர் அனடோலியத்தை எடுக்கலாம். இரண்டும் இருந்தால் இரண்டு நாய். ஆறேழு வயதில் அனடோலிய நாயின் இடுப்பும் கால்களும் தளரத் தொடங்கக்கூடும் என்பதால், அடுத்த குட்டியை அதற்கு முன்பே கொண்டுவந்து, மூத்த நாய் திடமாக இருக்கும்போதே அதனருகில் பழக விடுவது நல்லது. எங்கள் இரண்டாம் குட்டி அவ்வாறே சென்ற ஆண்டு வந்து, இப்போது தொண்டுக்கட்டையோடு ஆட்டுப் பட்டியில் இருக்கிறது.