காம்பா, புட்டியா, வாளியா? கன்றுக்குப் பாலூட்டும் முறைகளும் எடை பார்க்கும் வழிகளும்

ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் இரண்டு மூன்று ஜெர்சி கலப்பின மாடுகளை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகளில், கிடேரிக் கன்று பிறந்ததும் எழும் கேள்வி, அதற்கு எவ்வளவு பால் விடுவது என்பதே. 2023 டிசம்பரில் ஆவின் நிறுவனம் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ரூபாயாக உயர்த்தியது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற வழக்கமான கணக்குப்படி 24 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு 2.4 லிட்டர் பால் வேண்டும். அந்த விலையில் அது ஏறத்தாழ 91 ரூபாய். இந்தச் செலவைத் தினமும் கணக்குப் பார்க்கும் நாம், அந்தப் பாலால் கன்று எத்தனை கிலோ கூடியது என்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே பாலூட்டும் முறைகளை ஒப்பிடும்போது, எடை பார்க்கும் வழிகளையும் உடன் வைத்தே ஒப்பிட வேண்டும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் சீம்பாலில் சமரசம் கூடாது. தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குச் செல்வதில்லை. அவை சீம்பாலில்தான் கிடைக்கின்றன. அவற்றை உறிஞ்சும் திறன் பிறந்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எனவே முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டும், 24 மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலும் உள்ளே போயிருக்க வேண்டும்.

தாயிடம் ஊட்ட விடுவதில் உழைப்பு குறைவு, பால் உடல் சூட்டிலேயே கிடைக்கிறது, கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. காங்கேயம் பசுவுக்கும் பெரும்பாலான எருமைகளுக்கும் இதுவே சரியான முறை. கன்று முட்டாமல் அவை எளிதில் பால் சுரக்காது. அத்தகைய மாடுகளிடமிருந்து கன்றைப் பிரித்துவிட்டு, பால் இறங்குவதற்காக ஆக்ஸிடோசின் ஊசியை நாடுவதை எவ்வகையிலும் ஏற்க முடியாது. ஆனால் கன்று இல்லாமலே கறவைக்கு நிற்கும் கலப்பினப் பசுவில் இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு: கன்று எவ்வளவு குடித்தது என்பது தெரியாது. கறந்து முடித்த மடியை அரை மணி நேரம் சப்பிக்கொண்டிருக்கும் கன்று வயிறு நிறையக் குடிப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பசியோடு வெறும் காம்பைச் சப்பிக்கொண்டிருக்கலாம்.

புட்டியின் முதன்மையான பலன், கன்று குடித்த அளவு தெரிவதுதான். இரண்டாவது பலன் கன்றின் உடலமைப்போடு தொடர்புடையது. கன்று காம்பைச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு, பாலை முதல் இரைப்பைக்குள் விடாமல் நேராக நான்காம் இரைப்பைக்குக் கொண்டு சேர்க்கிறது. பால் முதல் இரைப்பையில் தேங்கினால் புளித்து, உப்புசமும் கழிச்சலும் வரும். சப்பும் வேட்கை தீர்வதால், பக்கத்துக் கன்றின் தொப்புளையும் காதையும் சப்பும் பழக்கமும் குறைகிறது.

புட்டியால் கெடுதல் வருவது பெரும்பாலும் ரப்பர் காம்பின் ஓட்டையால்தான். கன்று மெதுவாகக் குடிக்கிறது என்று பொறுமையிழந்து பிளேடால் ஓட்டையைப் பெரிதாக்கினால், பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. கன்று தாய்மடியில் குடிக்கும் உயரத்திலேயே புட்டியைப் பிடிக்க வேண்டும்; தலையை வானம் பார்க்கத் தூக்கி ஊற்றக் கூடாது. பால் 38 முதல் 39 டிகிரி சூட்டில் இருக்கட்டும். புட்டியை முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசிவிட்டு, அதன் பிறகே சுடுநீரில் கழுவ வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் விட்டால் பால் புரதம் உட்சுவரில் படிந்து ஒட்டிக்கொள்ளும். வெடிப்பு விழுந்த ரப்பர் காம்பை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

வாளி கழுவ எளிது. பத்துக் கன்றுகள் உள்ள பண்ணையில் நேரமும் மிச்சமாகும். விரலைப் பாலில் நனைத்துச் சப்ப வைத்து, மெல்ல வாளிக்குள் இறக்கினால் கன்று ஓரிரு நாளில் பழகிவிடும். ஆயினும் தலையைத் தாழ்த்தி மடமடவென்று குடிக்கும் இளங்கன்றில் அந்த மடிப்பு சரியாக மூடாமல் போக வாய்ப்புண்டு. முதல் மூன்று நான்கு வாரங்களுக்குப் புட்டியும், பிறகு வாளியும் என்பதே கலப்பினக் கன்றுகளுக்கு என் பரிந்துரை. தண்ணீரை முதல் வாரத்திலிருந்தே தனியாக வாளியில் வைக்க வேண்டும். அது முதல் இரைப்பைக்குள் சென்று, கன்றுத் தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருக உதவுகிறது.

இனி எடை. கண்ணளவை நம்புவது மூன்று வழிகளில் மிக மோசமானது. குடற்புழு நிறைந்த கன்றின் வயிறு பருத்துத் தெரிவதால், பார்ப்பவர்கள் அதைக் கொழுகொழுவென்று இருப்பதாகப் பாராட்டுவார்கள். முதுகைத் தடவிப் பார்த்தால் எலும்பு கையில் தட்டுப்படும். மிகத் துல்லியமானது தராசு. கன்றைத் தூக்க முடியும்வரை ஒருவர் அதை ஏந்திக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தம் எடையைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டு லிட்டர் பால் குடித்த கன்று இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும் என்பதால், எப்போதும் காலைப் பாலுக்கு முன்பே நிறுக்க வேண்டும்.

தராசு இல்லாதவர்களுக்குத் தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றிச் செ.மீ.யில் எடுத்த அளவை அதே அளவால் பெருக்கி, அதை தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். நெஞ்சுச் சுற்றளவு 75 செ.மீ., நீளம் 65 செ.மீ. என்றால் எடை ஏறத்தாழ 33.7 கிலோ. அதே கன்றில் நாடாவைத் தளரப் பிடித்துச் சுற்றளவை 77 செ.மீ. என்று எழுதினால் எடை 35.6 கிலோவாகிவிடும். நாளுக்கு 400 கிராம் கூடும் கன்றில் அந்த வேறுபாடு நான்கைந்து நாள் வளர்ச்சிக்குச் சமம். ஆகவே நாடாவை ஒரே ஆள், ஒரே நேரத்தில், கன்று நாலு காலும் சமமாக ஊன்றி நிற்கும்போது வாரம் ஒருமுறை பிடிக்க வேண்டும். இந்தச் சூத்திரம் இளங்கன்றுகளில் சற்றுப் பிசகும் என்பதால், பிறந்த அன்றும் பால் மறக்கடிக்கும் நாளிலும் எப்படியாவது தராசில் நிறுத்துவிடுவது நல்லது.

24 கிலோவில் பிறந்த கன்று 60 நாளில் இருமடங்காக, நாள்தோறும் 400 கிராம் கூட வேண்டும். பத்தில் ஒரு பங்கு பாலில் உடலைப் பேணுவது போக வளர்ச்சிக்குச் சிறிதளவே மிஞ்சுவதால், இரண்டு வாரம் தொடர்ந்து எடை பின்தங்கினால் பாலை உடல் எடையில் 15 விழுக்காட்டுக்கு, அதாவது இந்தக் கன்றுக்கு 3.6 லிட்டருக்கு, உயர்த்திப் பார்க்கலாம். கூடுதல் செலவு நாளுக்கு 46 ரூபாய் அளவில் வரும். பாலை உயர்த்தியும் எடை ஏறவில்லை என்றால் குறை பாலில் இல்லை. குடற்புழுவையும் கழிச்சலையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். கன்றுத் தீவனத்தைத் தொடர்ந்து மூன்று நாள் முக்கால் கிலோ அளவுக்குத் தின்ற பிறகே பாலைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பால் நின்ற முதல் இரண்டு வாரங்களில் நாடா பிடிப்பதை விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான கன்றுகள் எடை இழப்பது அப்போதுதான்.