ஐன்ஸ்டைன் டூல்கிட்: நான்கு வருடமாகக் கருந்துளைகளை மோதவிட்ட அனுபவம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதில் கருந்துளைகள் மோதுவதுதான் சுலபமான பகுதி. மோதலுக்கு முன்னும் பின்னும்தான் ஆளைப் படுத்திவிடும்.

ஐன்ஸ்டைன் டூல்கிட் என்பது கருந்துளை மோதல் போன்றவற்றைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் மென்பொருள். இலவசம், மூலநிரல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. நடுவில் காக்டஸ் என்ற சட்டகம், அதில் செருகும் ஒவ்வொரு தொகுதிக்கும் தார்ன் என்று பெயர், அதாவது முள். பெயர் பொருத்தம்தான். முதல் தடவை கம்பைல் செய்ய உட்கார்ந்தால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரையும் போல நானும் 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ ஆய்வகம் பிடித்த முதல் ஈர்ப்பு அலையின் மாதிரியில்தான் ஆரம்பித்தேன். 36, 29 சூரிய நிறைகள், ஏறக்குறைய ஆறு சுற்று, அப்புறம் இணைவு. 128 கோர்களில் மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும், நூறு ஜிபி அளவுக்கு நினைவகம் கேட்கும். அத்தனையும் ஓடி முடித்து நிஜ நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால் அரை நொடிகூட இல்லை! ஆனால் தொடக்க மொத்த நிறையை 1 என்று வைத்தால் கடைசியில் மிஞ்சும் நிறை 0.95 என்று திரையில் வந்தபோது, அந்தக் குறைந்த 5 சதவீதம், சுமார் மூன்று சூரியன், அலையாகவே போய்விட்டது என்பதை நம் கணக்கிலேயே பார்ப்பது தனி சந்தோஷம்.

அலை வரைபடத்தின் தொடக்கத்தில் ஒரு புடைப்பு தெரியும். நிரலில் பிழை என்று இரண்டு வாரம் தேடினேன். பிழையே இல்லை, ஆரம்பத் தரவில் அதற்கு முந்தைய சுற்றல்களின் அலை இருக்காது என்பதால் வரும் குப்பைக் கதிர்வீச்சு அது, வெட்டி எறிந்துவிட வேண்டியதுதான். அதைவிட மோசம், நிரல் தருவது அலையின் வீச்சு அல்ல, சை4, அதாவது நேரத்தைப் பொறுத்து அதன் இரண்டாம் வகைக்கெழு. அதை இரண்டு முறை தொகையீடு செய்ய வேண்டும், நேரடியாகச் செய்தால் கோடு மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை அடக்கி, அலையை அதிர்வெண்களாகப் பிரித்துத் தொகையீடு செய்யும் முறைக்கு மாறிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. குய்பிட் என்ற பைத்தான் நூலகம் இதைத் தானே செய்யும், முன்பே தெரிந்திருக்கலாம்.

என் முட்டாள்தனங்களில் பெரியது, 1:6 நிறை விகிதத்தில் சிறிய கருந்துளைக்கும் பெரியதற்கு வைத்த அதே கட்டவலையை, அதாவது வெளியைக் கணக்கிடப் பிரிக்கும் கட்டங்களை, வைத்தது. அதன் தோற்ற எல்லையை, அதாவது அந்தக் கணத்தில் ஒளிகூட வெளியே விரிய முடியாத பரப்பை, நிரலால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. வலையை நுணுக்கினால் நேரப் படியும் சுருங்கும். எல்லா இடத்திலும் வலையின் தெளிவை இரட்டிப்பாக்கினால் செலவு பதினாறு மடங்கு. இன்னொரு முறை எல்லா செக்பாயிண்ட்டையும் (ஓட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர இடையிடையே சேமிக்கும் கோப்பு) சேர்த்து வைத்து வட்டு நிரம்பி, ஐந்தாம் நாள் ஓட்டம் செத்தது. கடைசிக் கோப்பு பாதி எழுதிய நிலையில். இப்போது கடைசி இரண்டை மட்டும்தான் வைத்திருக்கச் சொல்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்க இதில் விலை இல்லை, நேரம்தான் விலை. அலைவடிவம் மட்டும் போதும் என்றால் எஸ்எக்ஸ்எஸ் என்ற ஆய்வுக் குழுவின் பொதுப் பட்டியலில் ஆயிரக்கணக்கில் தயாராகக் கிடக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். சரி, நானே ஓட்டித்தான் பார்ப்பேன் என்றால், ஒரே தெளிவில் ஓடிய ஓட்டத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மூன்று தெளிவுகளில் ஓட்டி, வித்தியாசம் எதிர்பார்த்த வேகத்தில் குறைகிறதா என்று பாருங்கள். என் முதல் வருடத்து வரைபடங்களில் பாதி அந்தச் சோதனையில் தேறவில்லை.