கிரேடு 2 என்று எழுதிக் கொடுத்தால் போதுமா?

கும்பகோணத்தில் காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு லேபுக்குப் போனால், சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. வயிற்று ஸ்கேனும் அன்றைக்கே. லண்டனில் இதே ஸ்கேனுக்கு ஜிபி (குடும்ப டாக்டர்) எழுதிக் கொடுத்த பிறகும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது, ரிப்போர்ட் வாங்கும் கவுன்ட்டருக்குப் போகும்வரை.

அண்ணனுக்கு 52 வயது. ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2'. கவுன்ட்டரில் இருந்தவர் மற்ற பக்கங்களைப் புரட்டக்கூட இல்லை. லிவர் சிரப்பை எடுத்து வைத்து, "மூணு மாசம் குடிங்க சார், சரியாயிடும்" என்றார். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் கலக்கிக் கொடுத்த காலத்தில்கூட வைத்தியர் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

கிரேடு என்பது ஈரலில் படிந்த கொழுப்பின் அளவு. ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கும் கேள்வி. ஆரம்பத் தழும்பு சாதாரண ஸ்கேனில் தெரியாது. அதைக் கணிக்க வேண்டிய எண்கள் அதே ரிப்போர்ட்டில், வெவ்வேறு பக்கங்களில் கிடந்தன: ஈரல் நொதிகளான எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.1 லட்சம். இவற்றையும் வயதையும் வைத்துத் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்குக்கு அரை நிமிடம் போதும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கினால் 2496. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் 8. அதைப் பிளேட்லெட்டால் பெருக்கினால் 1680. 2496ஐ 1680ஆல் வகுத்தால் 1.49. தப்பு நடப்பது பிளேட்லெட்டில்தான்: 2.1 லட்சத்தை 210 (ஆயிரம்) என்று போட வேண்டும். வெளிநாட்டு ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி ஏஎஸ்டி என்றும், எஸ்ஜிபிடி ஏஎல்டி என்றும் இருக்கும்.

ஃபிப்-4 எண் 1.3க்குக் கீழே என்றால் பயம் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2 ஆகும். 2.67க்கு மேல் போனால் தள்ளிப்போடாமல் ஈரல் மருத்துவரிடம் போக வேண்டும். அண்ணனைப் போல இடையில் நின்றால், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். அதற்கு முன் மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, இறுக்கம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அந்த இறுக்கத்தின் அளவு 8 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.

கொழுப்பைக் கரைப்பது எடைக் குறைப்புதான். 80 கிலோ உள்ளவர் 6 முதல் 8 கிலோ, அவசரமில்லாமல், இறக்கினால் ஈரல் வீக்கமும் தணியும். மது அறவே வேண்டாம். ஃபில்டர் காபி குடிக்கலாம், சர்க்கரையை விடுங்கள். 'மூலிகைதானே' என்று சீந்தில் பொடி சாப்பிட்டு ஈரல் கெட்டவர்கள் உண்டு. லேப் பேக்கேஜில் ஹெபடைட்டிஸ் பி, சி (ஈரலைத் தாக்கும் வைரஸ்கள்) பரிசோதனை இல்லையென்றால் ரத்தம் கொடுக்கும்போதே தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்காமல் அவர்களாக எடுக்க மாட்டார்கள்.