முன்கைத் தழும்புக்கு சிலிக்கோன் ஷீட்: ஒரு வருடத்துக்கும் மேலான அனுபவம்

கண்ணாடி கிழித்துத் தையல் போட்ட காயம் எனக்கு. முழங்கை மடிப்பை ஒட்டி ஆரம்பித்து முன்கையில் நீளமாக இறங்கும். தையல் பிரித்தபோது மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. அடுத்த சில வாரங்களில் சிவந்து, தடித்து, மேடு தட்டிவிட்டது. ராத்திரியில் அரிப்பு வேறு.

ஆறிய காயம் இப்படி மோசமாவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் மேல்தோல் மூடிய பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அவசரத்துக்குப் போட்ட கொலாஜன் என்ற புரத இழைகளை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, உறுதியான இழைகளாக மாற்றும். இதற்கு ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அப்போதும் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும். அதனால் ஒரே மாதத்தில் தழும்பை மறைய வைப்பதாகச் சொல்லும் எந்த க்ரீமையும் நான் நம்பத் தயாரில்லை.

தோல் மருத்துவர் எனக்குச் சொன்னது சிலிக்கோன் ஷீட். தையல் துளைகள் முழுக்க மூடி, பொருக்கு உதிர்ந்து, ஈரக்கசிவு துளியும் இல்லாத பிறகுதான் ஒட்ட வேண்டும். பச்சைப் புண்ணில் ஒட்டவே கூடாது. தழும்பைவிட எல்லாப் பக்கமும் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொண்டேன். கைக்கு ஒட்டியதும் குளிர்ச்சியாக, தடித்த ரப்பர் தோல் மாதிரி இருக்கும். மருந்து எதுவும் அதில் இல்லை. தோலின் ஈரம் ஆவியாகிப் போகாமல் பிடித்து வைப்பதுதான் அதன் முக்கிய வேலை. மேல்தோல் வறளாமல் இருந்தால், கீழே கொலாஜன் அளவுக்கு மீறிச் சேருவது அடங்குகிறது என்பது விளக்கம்.

இதில் பலன் தருவது நேரம்தான். ஒரு நாளில் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் குளிக்கும் நேரம் தவிர முழுக்கவும் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு மூன்று மாதமாவது. இரவில் மட்டும் ஒட்டிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். முதல் வாரம் சில மணி நேரத்தில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினேன். வியர்வை கட்டி வியர்க்குரு மாதிரி வந்தபோது ஒரு நாள் எடுத்துவிட்டு, தோல் அடங்கியதும் மறுபடி ஒட்டினேன். ஷீட்டைத் தினமும் மிதமான சோப்பில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துண்டில் துடைத்தால் நூல் பிசிறெல்லாம் ஒட்டிக்கொண்டு பசை போய்விடும். ஓரம் சுருண்டு, கழுவியும் ஒட்டாமல் போனால் புதுசுதான்.

முதலில் குறைந்தது அரிப்பு. அதற்கே இதைப் பாராட்டலாம். மேடு தணிய மாதங்கள் ஆயின. இப்போது கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால், பெரும்பகுதியில் தழும்பு எங்கே என்றே சட்டென்று தெரியாது.

நிறம் வேறு விஷயம். சிலிக்கோன் அதில் பெரிதாக உதவவில்லை. நம் மாதிரி மாநிறம், கருநிறத் தோலில் காயத்தைச் சுற்றிக் கருமை படிவது சகஜம். வெயில் பட்டால் அது இன்னும் அழுத்தமாகும். முழுக்கைச் சட்டையும் எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனும்தான் கைகொடுத்தன. சிவப்பு தணிந்து பழுப்பாகி, இப்போது தோலைவிட ஒரு படி வெளிறி நிற்கிறது.

சிலிக்கோன் ஜெல்லும் பயன்படுத்திப் பார்த்தேன். மெல்லிசாகத் தடவி, காயும்வரை சட்டை படாமல் இருக்க வேண்டும். ஷீட் நிற்காத முகத்துக்கும் மூட்டு மடிப்புக்கும் அது சரி. முன்கைக்கு என் ஓட்டு ஷீட்டுக்குத்தான். வைட்டமின் ஈ எண்ணெயைப் பலரும் சிபாரிசு செய்தார்கள், நான் தொடவில்லை. 1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அது தழும்பின் தோற்றத்தை மேம்படுத்தவில்லை. மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமையும் வந்தது. குளித்தபின் வாசனையில்லாத மாய்ஸ்ச்சரைசர் போட்டு, தழும்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தித் தேய்த்துவிட்டதில் இறுக்கம் நன்றாகத் தளர்ந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்தால் காலப்போக்கில் தணிய வாய்ப்புண்டு. எல்லை தாண்டி நல்ல தோலிலும் பரவினால் அது கெலாய்டாக இருக்கலாம். ஷீட்டை மட்டும் நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எனக்கு முழங்கை மடிப்பை ஒட்டிய நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. கை மடங்கும்போதெல்லாம் இழுபடும் இடம் அது. ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார் மருத்துவர். அந்த இடத்தில் தோல் மெலியலாம், வெளுக்கலாம் என்றும் சொன்னார். வலியோ அரிப்போ இல்லாததால் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த நுனிக்கு மட்டும் இரவில் ஒரு சின்னத் துண்டு ஷீட் தொடர்கிறது.