மடி வாட்டர்ஸா, ஹவ்லின் வுல்ஃபா? ப்ளூஸ் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலானோர் ராபர்ட் ஜான்சனைக் கைகாட்டுவார்கள். 1936, 1937 இரண்டு ஆண்டுகளில் அவர் பதிவு செய்த 29 பாடல்களும் பொக்கிஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழக்கமில்லாத காதுக்கு அந்தப் பழைய தட்டின் இரைச்சலைத் தாண்டுவதே பெரும்பாடு. என்னைக் கேட்டால் நேராகச் சிகாகோவுக்கு, 1950களின் செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போய்விடலாம். அங்கே போனதும், அதன் இரண்டு பெரிய பாடகர்களைப் பற்றி வேறொரு கேள்வி வரும்: மடி வாட்டர்ஸா, ஹவ்லின் வுல்ஃபா?

இந்த இருவரையும் ஒப்பிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. இருவருமே மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக்காட்டு உழைப்பிலிருந்து வந்தவர்கள். இருவரும் பாடியது ஒரே நிறுவனத்துக்கு. இருவருக்கும் பாட்டு எழுதிக் கொடுத்தவர் வில்லி டிக்சன். வாசித்தவர்களில்கூடச் சிலர் பொது. ஆகவே, கேட்கும்போது தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் அந்த இரண்டு மனிதர்களின் வித்தியாசம்தான்.

மடியின் இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். கிளார்க்ஸ்டேல் ஊருக்கு அருகிலுள்ள ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். 1941இல் நாட்டுப்புற இசை சேகரிக்க வந்த ஆலன் லோமாக்ஸ், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் வீட்டிலேயே அவரைப் பதிவு செய்தார். தன் குரலைத் தட்டில் கேட்டபோதுதான் 'நம்மாலும் முடியும்' என்ற நம்பிக்கை வந்ததாக மடி பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். இரைச்சலான மதுக்கடைகளில் மரக்கிட்டார் எடுபடவில்லை, மின்கிட்டாருக்கு மாறினார். 1948இல் 'ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்' வெளியானபோது கடைகளில் தட்டுகள் வந்த வேகத்தில் தீர்ந்தன.

வுல்ஃப் அவரைவிட மூத்தவர். இயற்பெயர் செஸ்டர் பர்னெட், பிறப்பு 1910. மிசிசிப்பி டெல்டா பகுதி ப்ளூஸின் பெரிய ஆசான் சார்லி பேட்டனிடமே கிட்டார் பழகியவர். ஆனாலும் விவசாயம், ராணுவம், மறுபடி விவசாயம் என்று வாழ்க்கை ஓடி, முதல் தட்டு வெளிவரும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1951இல் மெம்ஃபிஸில் அதைப் பதிவு செய்தவர் சாம் பிலிப்ஸ். பிறகு எல்விஸ் பிரெஸ்லியைக் கண்டெடுத்த அதே பிலிப்ஸ்தான்.

சரி, ஒலிக்கு வருவோம். மடியின் பலம் நிதானம். தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னாலேயே பாடுவார். அவசரம் என்பதே இருக்காது. சுண்டுவிரலில் மாட்டிய ஸ்லைடு (கம்பிமேல் வழுக்கும் சிறு குழாய்) ஸ்வரத்தை நேராகத் தொடாமல் வழுக்கிப் போய்ச் சேரும். அவரைச் சுற்றி ஒரு குழு: ஹார்மோனிகாவில் லிட்டில் வால்டர், இரண்டாவது கிட்டாரில் ஜிம்மி ராஜர்ஸ், பியானோவில் ஓட்டிஸ் ஸ்பான். 1954இல் வந்த 'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டைக் கேளுங்கள். மொத்தக் குழுவும் ஒரு அடி அடித்துவிட்டு நிறுத்தும், அந்த வெற்றிடத்தில் மடி ஒரு வரி பாடுவார், மறுபடி அடி. பாடகரைவிட மற்றவர்களின் அடக்கம்தான் அதில் ஆச்சரியம். 1951இல் 'ஷி மூவ்ஸ் மீ' பதிவின்போது டிரம்மருக்குத் தாளம் பிடிபடவில்லை என்று முதலாளி லியோனர்ட் செஸ்ஸே உட்கார்ந்து பேஸ் டிரம்மை மொத்தினார். அந்தக் கரடுமுரடான 'தொம்' இன்றும் கேட்கிறது. எனக்கு அது பிடிக்கும். பயிற்சி பெற்ற கை அப்படி அடித்திருக்காது.

வுல்ஃப் வேறு ரகம். ஆறடிக்கு மேல் உயரம், நூற்றி இருபது கிலோவுக்கு மேல் எடை. குரலில் ஜல்லி உருளும். ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற வெள்ளைக்காரக் கிராமியப் பாடகர்போல யோடலிங் (குரலைச் சட்டென மேலும் கீழும் தாவவிடுவது) செய்ய முயன்று, அது வராமல் ஊளையாக மாறிவிட்டது என்பது வுல்ஃப் சொன்ன விளக்கம். 1956இன் 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்'கில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) மாற்றமே கிடையாது. வழக்கமான பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) ப்ளூஸ் மூன்று கார்டுகளுக்கு இடையே நகரும். இது ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது. மூன்று நிமிடம் அதே கிட்டார் வரி, மேலே அந்த ஊளை. காகிதத்தில் எழுதினால் ஒன்றுமே இல்லை. கேட்டால் நிறுத்த முடியவில்லை.

இதில் பாதிப் புகழ் ஹ்யூபர்ட் சம்லினுக்குச் சேரும். பிக் (கம்பியை மீட்டும் சில்லு) இல்லாமல் விரலால் வாசிக்கும் கிட்டார்க்காரர். வுல்ஃபின் குரல் முடியும் இடத்தில் எதிர்பாராமல் கீறிக்கொண்டு நுழைவார். இவரை மடி ஒருமுறை கூடுதல் சம்பளம் காட்டித் தன் குழுவுக்கு இழுத்துக்கொண்டார். கொஞ்ச காலத்தில் சம்லின் வுல்ஃபிடமே திரும்பிவிட்டார். வுல்ஃப் சிகாகோவுக்கு வந்த புதிதில் தங்க இடம் கொடுத்து, வாய்ப்பும் பிடித்துத் தந்தது மடிதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் போட்டி முற்றியது. அது எந்த அளவுக்கு என்றால், வுல்ஃபைப் பாட வைக்க டிக்சன் ஒரு தந்திரம் வைத்திருந்தாராம்: "இது மடிக்காக எழுதியது" என்பார். உடனே வுல்ஃபுக்கு அந்தப் பாட்டு வேண்டும்.

ஆல்பங்களில் யார் கை ஓங்குகிறது? 1958இல் வந்த 'தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்', 1959இல் வந்த வுல்ஃபின் 'மோனின் இன் தி மூன்லைட்' இரண்டுமே ஏற்கெனவே சிங்கிளாக விற்ற பாடல்களின் தொகுப்பு, ஆளுக்குப் பன்னிரண்டு. இந்தச் சுற்றில் மடிக்கே என் ஓட்டு. ஒற்றைக் கிட்டாரும் பேஸுமாகத் தொடங்கி முழுக் குழுவாக வளர்ந்த ஆறு ஆண்டுப் பயணம் அந்த ஒரே தட்டில் இருக்கிறது. ஆனால் வுல்ஃபின் அடுத்த தட்டு, 1962இல் வந்தது, கணக்கையே மாற்றிவிடுகிறது. உறையில் ஆடுநாற்காலி இருப்பதால் 'ராக்கிங் சேர் ஆல்பம்' என்றே அழைக்கிறார்கள். 'ஸ்பூன்ஃபுல்', 'பேக் டோர் மேன்', 'தி ரெட் ரூஸ்டர்', 'வாங் டாங் டூடுல்' எல்லாம் ஒரே தட்டில். ராக் இசைக்குழுக்கள் பல பத்தாண்டுகளாகப் பிய்த்துத் தின்றது இதைத்தான். தவிர்க்கக்கூடிய பாட்டு ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை.

மேடைப் பதிவு என்றால் போட்டியே இல்லை. 1960 ஜூலை 3 அன்று நியூபோர்ட் ஜாஸ் விழாவில் மடி பாடியது ஆல்பமாக இருக்கிறது. முந்தைய நாள் வெளியே கலவரம் வெடித்து, மிச்ச விழாவை ரத்து செய்ய நகரசபை முடிவெடுத்துவிட்ட சூழல். அதன் சுவடே தெரியாமல் 'காட் மை மோஜோ வொர்க்கிங்' பாடி ஆடுகிறார். கூட்டம் கேட்டதற்காக அதையே இன்னொரு முறையும். வுல்ஃப் மேடையில் தரையில் தவழ்வார், திரைச்சீலையில் ஏறுவார் என்றெல்லாம் படிக்கிறோம். ஆனால் அவருடைய உச்சகாலத்தில் அதற்கு ஈடான மேடைத் தட்டு இல்லை. 1965இல் 'ஷிண்டிக்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவினர் வுல்ஃபின் காலடியில் உட்கார்ந்திருக்க அவர் பாடும் காணொளியைப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

அறுபதுகளின் கடைசியில் செஸ் நிறுவனம் இருவரையும் ஒரே குழியில் தள்ளியது. இளைஞர்களைப் பிடிக்க சைக்கடெலிக் (அன்றைய போதைக்கால ராக் பாணி) வாசிப்பைச் சேர்த்து 1968இல் மடிக்கு 'எலெக்ட்ரிக் மட்', 1969இல் வுல்ஃபுக்கு இன்னொன்று. இருவருக்கும் பிடிக்கவில்லை. வுல்ஃபுக்குத் தன் ஆல்பம் பிடிக்கவில்லை என்பதை நிறுவனமே உறையில் பெரிய எழுத்தில் அச்சடித்து விற்றது. விளம்பர உத்தியாம்!

கடைசிக்காலப் பதிவுகளில் மறுபடி மடி முந்துகிறார். வுல்ஃபின் 'லண்டன் செஷன்ஸ்' 1971இல் வெளியானது. எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட், ஸ்டோன்ஸின் பில் வைமன், சார்லி வாட்ஸ் என்று பெயர்ப்பட்டியல் பிரமாதம், பாட்டு சுமார். வுல்ஃபின் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 'ரெட் ரூஸ்டர்' எப்படி வாசிக்க வேண்டும் என்று அவரே கிட்டாரை எடுத்துச் சொல்லித் தரும் உரையாடல் அதில் பதிவாகியிருக்கிறது. ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான். மடிக்குத் தயாரிப்பாளராக வாய்த்தவர் கிட்டார்க்காரர் ஜானி வின்டர். 1977இன் 'ஹார்ட் அகெய்ன்' ஆல்பத்தில் முதல் பாட்டான 'மேனிஷ் பாய்' தொடங்கும்போதே அறைக்குள் இருப்பவர்கள் கத்துவது கேட்கும். அறுபதைத் தாண்டியவரின் தட்டு என்று நம்ப முடியாது. அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. வுல்ஃப் அதற்கு முந்தைய ஆண்டே, 1976 ஜனவரியில், இறந்துபோயிருந்தார்.

பணவிஷயத்தில் வுல்ஃபைப் பாராட்ட வேண்டும். வளர்ந்த பிறகு வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர், தன் குழுவினருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து, சமூகப் பாதுகாப்புத் தொகையும் பிடித்துக் கட்டினார். அன்றைய ப்ளூஸ் உலகில் இது அபூர்வம்.

இன்றைய வாசிப்பில் யாருடைய கை தெரிகிறது என்றால், மடிதான். 1964இல் அவருடைய 'ஃபோக் சிங்கர்' ஆல்பத்தில் மரக்கிட்டார் வாசித்த பட்டி கை, வுல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்' பதிவிலும் இருந்தவர், எண்பதைத் தாண்டியும் மேடை ஏறினார். மடி வளர்ந்த அதே கிளார்க்ஸ்டேலிலிருந்து வந்த கிங்ஃபிஷ் இங்க்ரம், 1999இல் பிறந்தவர். '662' என்ற ஆல்பத்துக்கு கிராமி வாங்கிவிட்டார். மடி விட்டுச்சென்றது ஒரு குழு எப்படி வாசிக்க வேண்டும் என்ற பாடம், அதைக் கற்றுக்கொள்ளலாம். வுல்ஃபின் தொண்டையை யாரிடம் போய்க் கற்பது? முயன்றவர்கள் பலர் வெறும் கரகரப்போடு நின்றுவிட்டார்கள்.

ஒரே ஒரு தட்டுக்குத்தான் நேரம் என்றால் 'ராக்கிங் சேர்' ஆல்பத்தை எடுங்கள். இரண்டுக்கு நேரமிருந்தால் கூடவே 'நியூபோர்ட்'. 'எலெக்ட்ரிக் மட்' பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். மற்றதெல்லாம் கேட்டு முடித்தபின் வேடிக்கைக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.