அறிவுரை கிடைக்கவில்லை, நோட்டுப் புத்தகம் கிடைத்தது: எட்டு வார கவுன்சலிங் அனுபவம்

மூன்று மாதம் தூக்கம் கெட்ட பிறகுதான் கவுன்சலிங்குக்குப் போனேன். எதிரே ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாலு வழி சொல்லி அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். எட்டு அமர்வு முடிந்துவிட்டது, இன்றுவரை ஒரு வழியும் சொல்லவில்லை. ஆனாலும் போகலாம் என்றுதான் சொல்வேன்.

முதல் நாள் பெரும்பாலும் படிவம்தான். குடும்பம், உடம்புக்கு என்னென்ன, என்ன மாத்திரை, முன்பு யாரிடமாவது போனதுண்டா. அப்புறம் மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கும் பிஹெச்க்யூ-9 என்ற கேள்வித்தாள்: கடந்த இரண்டு வாரத்தில் எந்தத் தொந்தரவு எவ்வளவு நாள் இருந்தது என்று 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27, எண் கூடினால் தொந்தரவு அதிகம். எனக்கு 14. இது பரீட்சை மார்க் இல்லை, எங்கிருந்து தொடங்குகிறோம் என்று பார்க்கத்தான் என்றார் ஆலோசகர். கடைசிக் கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்று தோன்றியதா என்பது. 0 போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்து, 1 என்று திருத்தினேன். உடனே எங்காவது கொண்டுபோய் அடைத்துவிடுவார்களோ என்று பயம். அவர் நிதானமாக இன்னும் சில கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

பேசுவது வெளியே போகாது, ஆனால் யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால், குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்றால், கோர்ட் கேட்டால், சொல்ல வேண்டி வரலாம் என்பதையும் முதலிலேயே சொன்னார். உங்களிடம் சொல்லவில்லை என்றால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு முறையாக நடந்தும் அந்த ஆலோசகரோடு எனக்கு ஒட்டவில்லை. நான் ஒன்று சொன்னால் "எனக்கும் இப்படித்தான்" என்று அவர் கதை தொடங்கிவிடும். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், மாற்றச் சொன்னால் மனசு நோகுமே என்று (காசு கொடுத்து இந்தக் கவலை வேறு). மூன்றாவது வாரம் வரவேற்பில் ஒரு வரி சொன்னேன், ஏன் என்றுகூடக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது ஆலோசகர் பேசுவதே குறைவு. அவர் பயன்படுத்துவது சிபிடி, அதாவது நம் நினைப்பையும் நடத்தையையும் சோதித்து மாற்றிப் பார்க்கும் பேச்சு சிகிச்சை; 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய முறை. நடைமுறையில் அது ஒரு நோட்டு. என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது. மேலதிகாரியிடமிருந்து "கொஞ்சம் பேசணும்" என்று ஒரு மெசேஜ் வந்த நாளில் வேலை போச்சு என்று எழுதினேன், ஆதாரம் என்ற இடத்தில் எழுத ஒன்றுமே இல்லை. கடைசியில் மேலதிகாரி கேட்டது விடுப்புப் பட்டியல். சிரிப்பாக இருந்தது, ஆனால் இரண்டு மணி நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டது நிஜம்தானே. அதைத்தான் அடுத்த அமர்வு முழுக்கப் பேசினோம்.

சில அமர்வு முடிந்து வெளியே வந்தால் போனதைவிட மோசமாக இருக்கும். நாலாவது வாரம் அழுது முடித்து நேராக ஒரு மீட்டிங்குக்குப் போனேன். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள், பிறகு ஒரு மணி நேரமாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்காதது: 50 நிமிடம் என்றால் 50தான், பாதி வாக்கியத்தில் மணி ஆகிவிடும். அமர்வுக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம். காய்ச்சலுக்கும் சேர்த்து ஒருமுறை கட்டினேன். மாத்திரை ஆலோசகர் எழுத மாட்டார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதனாலும் தூக்கம் கெடலாம் என்று அனுப்பியவர் இவர்தான்.

போன வாரம் அதே கேள்வித்தாள், 8 வந்தது. விடியற்காலை நாலு மணிக்கு இன்னும் சில நாள் விழிப்புத் தட்டுகிறது. இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்றார். இந்த வாரம் நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை, அதையும் போய்ச் சொல்ல வேண்டும்.