‘ஆய்வுக்குத் தயார்’: 1,400 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய ரப்பர் மூடிகள்

‘ஆய்வுக்குத் தயார்’ என்ற இரண்டே சொற்களுக்கு 1,400 பவுண்டு கொடுத்தேன். லெஸ்டரில் எங்கள் வீட்டு கராஜில் இரண்டரை ஆண்டு குனிந்து நிமிர்ந்து நானே கட்டிய காரை, கடைசிக் கட்டத்தில், அரசு ஆய்வுக்குத் தயார்செய்து தருவதாகச் சொன்ன ஒருவரை நம்பி ஒப்படைத்தேன். அவர் பெயரையோ ஊரையோ எழுதப்போவதில்லை. பண விவகாரம் இன்னும் முடியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பிரிட்டனில் கிட் கார் கட்டத் துணிந்த தமிழர் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்காக.

கிட் கார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சட்டகமும் உடல் பாகங்களும் ஒரு தயாரிப்பாளரிடமிருந்து வரும், எஞ்சின், கியர்பாக்ஸ் போன்றவை ஒரு பழைய காரிலிருந்து வரும், சேர்த்து முடுக்குவது நம் வேலை. என்னுடையது 1957இல் வந்த லோட்டஸ் செவனின் வழித்தோன்றல்களில் ஒன்று. தரையை ஒட்டி ஓடும், கூரையில்லாத, இருவர் மட்டும் அமரும் வண்டி. முழுதாகக் கட்டிய காருக்கு அன்று பிரிட்டனில் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக விற்றால் இல்லை என்பதால் வளர்ந்த வழக்கம் இது. 1973இல் வாட் என்னும் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. பைத்தியம் மட்டும் போகவில்லை. எனக்கு அது பிடித்தது மே மாதத்தில் ஸ்டோன்லியில் நடந்த கிட் கார் கண்காட்சியில். “பார்க்கத்தானே போகிறோம்?” என்று மனைவி கேட்டார். “பார்க்கத்தான்” என்றேன்.

கட்டிய காரைச் சாலையில் ஓட்ட ஐவிஏ என்னும் தனிவாகன ஒப்புதல் ஆய்வில் தேற வேண்டும். 2009க்கு முன் எஸ்விஏ என்று இருந்ததன் வாரிசு. நான் கட்டிய கட்டணம் 450 பவுண்டு. ஆய்வாளர் எதைப் பார்ப்பார், எந்த அளவு இருந்தால் ஏற்பார் என்பதெல்லாம் பிரிவு பிரிவாக எழுதிய கையேடு அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை நான் பாதி படித்தேன். மீதிப் பாதியைப் படிக்கச் சோம்பல்பட்ட நேரத்தில்தான் இவருடைய விளம்பரம் கண்ணில் பட்டது: கிட் கார்களை ஆய்வுக்குத் தயார்செய்து தரப்படும், தேறாவிட்டால் மறுஆய்வுச் செலவு எங்களுடையது.

நேரில் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குற்றம் சொல்லாமல் பாராட்டினார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் போதும் என்றார். கடன் அட்டையில் கொடுக்கிறேன் என்றதற்கு, வங்கிப் பரிமாற்றம் என்றால் 50 பவுண்டு குறைப்பதாகச் சொன்னார். 1,450 கேட்ட இடத்தில் 1,400 அனுப்பினேன். அந்த 50 பவுண்டு லாபத்தின் விலை பிறகுதான் தெரிந்தது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான பொருளையோ சேவையையோ கடன் அட்டையில் வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை கொடுத்த வங்கியையும் பொறுப்பாக்கியிருக்கலாம். வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

காரோடு, ரசீதுகள் வைத்திருந்த என் கோப்பு (ஃபைல்) ஒன்றையும் கேட்டார். “எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. ரசீதுகள் அத்தனையும் உள்ள நீலக் கோப்பை அப்படியே தூக்கிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் ஏழு வாரமாயிற்று. ஆய்வு திங்கட்கிழமை, வெள்ளி இரவு எட்டு மணிக்கு டிரெய்லரில் கார் வந்து இறங்கியது. கூடவே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்ட இரண்டு பக்கத் தாள். கோப்பு எங்கே என்றால், “பட்டறையில் இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன்.” ஸ்டியரிங்கைச் சரிபார்க்க நாற்பது மைல் ஓட்டிப் பார்த்ததாகவும், வேகமானியை அளவு திருத்தியதாகவும் சொன்னார். பதிவெண் இல்லாத காரை, முன்பதிவு செய்த ஆய்வுக்குப் போய் வருவது போன்ற ஓரிரு காரணங்கள் தவிரப் பொதுச் சாலையில் எடுக்கக் கூடாது. ஆக, ஓட்டியது உண்மையென்றால் சட்டமீறல், பொய்யென்றால் வேலையே நடக்கவில்லை. மைல்மானியில் நான் கொடுத்தபோது 11 இருந்தது. திரும்பி வந்தபோதும் 11. அதை நான் கவனித்தது ஞாயிறு இரவு.

திங்கள் காலை 22 மைல் நானே ஓட்டிப்போனேன், பின்னால் மனைவியின் கார்.

ஆய்வாளர் அமைதியான மனிதர். அவரிடம் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்து இருந்தது. கார் யார் மீதாவது மோதினால் உடம்பு எங்கே படுமோ அங்கெல்லாம் அந்தப் பந்தை வைத்துப் பார்க்கிறார்கள். பந்து தொடும் விளிம்பின் வளைவு குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரமாவது இருக்க வேண்டும். செவன் வகைக் காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் கைகள், போல்ட்டுகள், நட்டுகள் எல்லாம் வெளியே தெரியும். அதனால் விளிம்புகளுக்கு ரப்பர் பட்டையும் நட்டுகளுக்கு மூடியும் போடுவது எல்லோரும் செய்வது. அதில் தவறில்லை, உறுதியாக இருந்தால். ஆய்வாளர் சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டின் ஓரத்தை விரல் நகத்தால் லேசாக நெம்பினார். ஓரடி நீளப் பட்டை பல்லி வால்போல் கையோடு வந்துவிட்டது. அதைச் சுருட்டி மெதுவாக இருக்கைமேல் வைத்தார். அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பிக் கையை விட்டால் சக்கரம் தானாக நேர்க்கோட்டை நோக்கித் திரும்ப வேண்டும், திரும்பவில்லை. முன் டயர்களில் மட்டும் காற்று 42 பிஎஸ்ஐ அடைத்திருந்தது. சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் காற்றை அடைத்து ஏமாற்றப் பார்த்திருக்கிறார். உருளைமேல் கார் உண்மையில் 50 மைல் வேகத்தில் ஓட, வேகமானி 47 காட்டியது. கூடக் காட்டினால் ஒரு வரம்பு வரை பொறுப்பார்கள், குறைத்துக் காட்டவே கூடாது. பின்பக்க பிரேக் குழாய் கிளிப் இல்லாமல் தொங்கியது. மொத்தம் பதினொரு குறைகள். என் சொந்தத் தவறு அவற்றில் இரண்டு, மறைக்க விரும்பவில்லை. மிச்சம் ஒன்பதும் அந்தத் தாளில் டிக் வாங்கியவை.

தோற்றதுகூடப் பெரிதல்ல. முதல்முறை தேறாதது உலக அதிசயமில்லை. இந்தப் பதிவை எழுதவைத்தது அன்று மாலை நடந்தது.

யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், முப்பது ஆண்டு பழுத்த மெக்கானிக், ஆறுதல் சொல்ல வந்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்சக்கரத்தின் பக்கம் உட்கார்ந்தார்.

“தம்பி, இந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தீரா?”

“நட்டுதான், அண்ணை. நான் போட்ட நட்டு.”

சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டின் மூடியைப் பிடுங்கினார். நான் போட்டது உள்ளே நைலான் வளையம் உள்ள லாக் நட்டு, அதிர்வில் தளராது. அங்கே இருந்தது வெறும் சாதா நட்டு. அண்ணர் ஸ்பேனரை எடுக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினார். சுற்றியது.

காரணம் எளிது, அவரே காட்டினார். லாக் நட்டு சாதா நட்டைவிட உயரம். மலிவான மூடி அதன்மேல் முழுதாக அமராது. மூடி உட்கார வேண்டும் என்பதற்காக நட்டை மாற்றியிருக்கிறார்கள். அதுபோல் நான்கு இடம். அந்த நான்கையும் நம்பித்தான் போக வர 44 மைல் ஓட்டியிருக்கிறேன். மனைவி உள்ளே போய்விட்டார். அன்று இரவு முழுக்க அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யாரிடமாவது காரை இப்படிக் கொடுத்து வாங்கியிருந்தால், தேறிய காராகவே இருந்தாலும், மூடிகளை இன்றே கழற்றிப் பாருங்கள். நீங்கள் முடுக்கிய நட்டுகளில் பெயிண்ட் பேனாவால் போல்ட்டும் சேர ஒரு கோடு இழுத்து வையுங்கள். யார் தொட்டாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். நான் அதைக் கற்றது பிறகுதான்.

காரை நானும் அண்ணரும் ஐந்து வார இறுதிகளில் சரிசெய்தோம். மறுஆய்வு 90 பவுண்டு, தேறியது. ஆனால் நீலக் கோப்பு வரவே இல்லை. முதலில் தபாலில் தொலைந்தது என்றார். பிறகு நான் கொடுக்கவே இல்லை என்றார். புதிய சட்டகத்தோடு ஒரே பழைய காரின் முக்கியப் பாகங்கள் குறைந்தது இரண்டு இருந்தால் அதன் வயதுக்கேற்ற பதிவெண் கிடைக்கும், ஆனால் அதற்குச் சான்று வேண்டும். பழைய மஸ்தா எம்எக்ஸ்-5 காரிலிருந்து நான் எடுத்த பாகங்களுக்கு இருந்த ஒரே சான்று, பழைய கார் உடைக்கும் யார்டு கொடுத்த ரசீது. அந்த யார்டு இப்போது இல்லை. எஞ்சின் வயதைக் காட்டும் கடிதத்துக்கு மட்டும் நகல் எடுத்து வைத்திருந்தேன்; அது ஆய்வில் புகை அளவின் வரம்பை முடிவுசெய்ய உதவியது, பதிவெண்ணுக்குப் போதவில்லை. கிடைத்தது ‘கியூ’ எண். வயதையோ மூலத்தையோ உறுதிசெய்ய முடியாத வண்டிகளுக்குக் கொடுக்கும் எழுத்து. அதைக் கேட்டதுமே இரண்டு காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. ஒவ்வொரு போல்ட்டின் பூர்வீகமும் எனக்குத் தெரிந்த காருக்கு இந்தப் பெயர்.

பணத்துக்கு முதலில் கடிதம் எழுதினேன். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்று குறிப்பிட்டேன். “மறுஆய்வுச் செலவு 90 தருகிறேன், அத்தோடு விடுங்கள்” என்று பதில் வந்தது. விடவில்லை. இங்கே சிறு கோரிக்கை வழக்கின் உச்சவரம்பு 10,000 பவுண்டு, வக்கீல் இல்லாமலே நடத்தலாம். ஆய்வாளரின் குறைப்பட்டியல், டிக் போட்ட தாள், விளம்பரத்தின் படம் மூன்றையும் சேர்த்துப் போன மாதம் தாக்கல் செய்தேன். பதில் இன்னும் வரவில்லை. நான்கு சாதா நட்டுகளும் தேதி எழுதிய ஜாம் பாட்டிலில், கராஜ் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.